பிரதமர் ஆட்சி, அதிபர் ஆட்சி, சுவிஸ் வாக்கெடுப்பு: குடிமக்கள் கையில் எங்கே என்ன இருக்கிறது?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. பிரதமர் தலைமையிலான நாடாளுமன்ற ஆட்சி, நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் அதிபரின் ஆட்சி, இரண்டில் எது குடிமக்களுக்கு அதிக அதிகாரம் தருகிறது? சுவிட்சர்லாந்தில் எல்லாச் சட்டத்துக்கும் மக்களே வாக்களிக்கிறார்களாமே, அது இந்தியாவுக்குச் சரிப்படுமா?

சுவிட்சர்லாந்து பற்றிய தகவல் அரைகுறையானது. அதற்குப் பிறகு வருகிறேன். முதல் கேள்விக்கு நேர்ப்பதில்: பெயரை வைத்து எதையும் சொல்ல முடியாது. பிரிட்டனும் இந்தியாவும் "நாடாளுமன்ற ஆட்சி"தான், ஆனால் ஓர் எம்.பி.யின் கை இரண்டு நாட்டிலும் ஒன்றல்ல. பிரான்சும் இலங்கையும் அதிபரும் பிரதமரும் சேர்ந்த கலப்பு முறைதான், ஆனால் நெருக்கடி வந்தபோது இரண்டும் வேறு வேறு திசையில் போயின. எந்த நாட்டை எடுத்தாலும் மூன்று விதிகளைத் தேடிப் பாருங்கள். ஆட்சித் தலைவரைப் பதவிக்காலம் முடியுமுன் யார், எத்தனை வாக்கில் இறக்கலாம்? அரசின் செலவுக்கு ஒப்புதல் மறுத்தால் என்ன ஆகும்? இரண்டு தேர்தலுக்கு நடுவே சாதாரண வாக்காளர் சட்டப்படி என்ன செய்யலாம்?

இறக்குவது

நாடாளுமன்ற முறையில் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழலாம். 1979 மார்ச் 28 அன்று பிரிட்டனில் ஜேம்ஸ் காலகன் அரசு 310க்கு 311 என்று தோற்றது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று தோற்றது. அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதில் தொடங்கிய விவகாரம் அது. இரண்டு இடத்திலும் மாற்று அரசு அமையவில்லை, தேர்தல்தான் வந்தது. தோற்ற வாஜ்பாயே அக்டோபர் வரை காபந்துப் பிரதமராக இருந்தார், கார்கில் போர் உட்பட.

கவிழ்க்க மட்டும் கூடிவிட்டு, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் பிரிந்துபோகும் கூட்டணிகளின் கோளாறு இது. இதற்கு ஜெர்மனி வைத்திருக்கும் மருந்து எளிமையானது. அதன் அரசியல் சட்டத்தின் 67ஆவது பிரிவுப்படி, புதிய சான்சலர் (அந்நாட்டு ஆட்சித் தலைவர்) ஒருவரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் பழையவரை நீக்க முடியும். 1982 அக்டோபர் 1 அன்று ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது இப்படித்தான். நாட்டில் ஒருநாள்கூட அரசு இல்லாமல் போகவில்லை.

இந்தியாவில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர மக்களவையில் 50 உறுப்பினர்கள் எழுந்து நின்றால் போதும். காகிதத்தில் சுலபம். ஆனால் 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் வந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித்தாவல் தடைச் சட்டம், இந்தக் கருவியின் முனையை மழுக்கிவிட்டது. கொறடா உத்தரவை (எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளையை) மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகும். முடிவெடுப்பவர் சபாநாயகர், அவர் பெரும்பாலும் ஆளும் கட்சியில் இருந்து வந்தவர். முன்பு கட்சியில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் தப்பிக்கலாம். 2003இல் 91ஆவது திருத்தம் அதையும் மூடியது. இப்போது மூன்றில் இரண்டு பங்கினர் வேறு கட்சியோடு இணைந்தால் மட்டுமே விலக்கு.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2017 ஆகஸ்டில் 19 அதிமுக எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிமேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். சட்டமன்றத்தில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. ஒருவர் பின்வாங்கினார்; செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் மீதி 18 பேரையும் தகுதிநீக்கம் செய்தார். வழக்கு உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்பாகி, மூன்றாவது நீதிபதிக்குப் போய், 2018 அக்டோபரில்தான் தகுதிநீக்கம் சரி என்று முடிந்தது. இடைத்தேர்தல் 2019 ஏப்ரல், மே மாதங்களில். அதுவரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் 18 தொகுதி மக்களுக்குச் சட்டமன்றத்தில் ஆள் இல்லை.

இதைப் பிரிட்டனோடு வைத்துப் பாருங்கள். அங்கேயும் கொறடா உண்டு, ஆனால் மீறினால் எம்.பி. பதவி போகாது, கட்சியில் இருந்து நீக்கலாம், அவ்வளவுதான். அதனால்தான் 2022இல் போரிஸ் ஜான்சனையும், அதே ஆண்டு லிஸ் டிரஸ்ஸையும் எதிர்க்கட்சி அல்ல, சொந்தக் கட்சி எம்.பி.க்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். டிரஸ் பதவியேற்று ஏழே வாரத்தில் போனார். பிரிட்டிஷ் வாக்காளர் தன் தொகுதி எம்.பி.க்கு எழுதும் கடிதத்துக்கு எடை இருப்பது இதனால்தான். இந்தியாவில் எம்.பி.க்கு எழுதினால் சாலை, ரயில் நிறுத்தம், பாஸ்போர்ட் மாதிரி விஷயங்களில் பலன் கிடைக்கும். ஒரு மசோதாவை எதிர்த்து வாக்களியுங்கள் என்று எழுதிப் பலன் இல்லை. அந்த வாக்கு அவர் கையில் இல்லை.

அமெரிக்காவில் கதை நேரெதிர். அதிபரை நீக்கக் கீழவையான பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மையும், மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1999இல் கிளின்டன், 2020, 2021 என இரண்டு முறை டிரம்ப்: பிரதிநிதிகள் சபை சாட்டிய குற்றங்களில் ஒன்றுகூட, அந்த ஆண்டுகளில் நடந்த செனட் வாக்கெடுப்பில் தேறவில்லை. ஜான்சன் தப்பியது ஒரு வாக்கில். நிக்சன் 1974இல் சபை வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார். ஆக, நான்கு ஆண்டு என்றால் நடைமுறையில் நான்கு ஆண்டுதான். பதிலுக்கு, அதிபராலும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைக் கலைக்க முடியாது. திறமையோ குணமோ இல்லாத ஒருவர் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை என்பது இந்த முறையின் பெரிய குறை.

கலப்பு முறையில்தான் சிக்கல் அதிகம். பிரான்சில் 1958 அரசியல் சட்டம், 1962 முதல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அதிபர், 577 பேர் கொண்ட தேசிய சபைக்குப் பதில் சொல்லும் பிரதமர். அதிபருக்குச் சபையில் பெரும்பான்மை இருந்தால் அவர் ராஜா. இல்லாவிட்டால் 1986, 1993, 1997 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது போல, எதிர்க்கட்சிப் பிரதமரோடு ஒரே வீட்டில் குடித்தனம். 2024 ஜூனில் அதிபர் மக்ரோன் சபையைக் கலைத்துத் தேர்தல் வைத்தபின் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. டிசம்பர் 4 அன்று பிரதமர் மிஷேல் பார்னியேயின் அரசு 331 வாக்கில் கவிழ்ந்தது, தேவைப்பட்டது 288. 1962க்குப் பிறகு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்த முதல் பிரெஞ்சு அரசு அதுவே. அதிபர் மட்டும் அசையாமல் இருந்தார்.

இலங்கையின் 1978 அரசியலமைப்பு பிரான்சைப் பார்த்து வரைந்தது, ஆனால் சனாதிபதிக்கு (அதிபருக்கு) இன்னும் கனமான கையைக் கொடுத்தது. 2018 அக்டோபர் 26 அன்று சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பாராளுமன்றத்தில் எண்ணிக்கை தேறாது என்று தெரிந்ததும் நவம்பர் 9 அன்று அதைக் கலைத்தார். அப்போதிருந்த 19ஆவது திருத்தப்படி, பாராளுமன்றம் கூடி நாலரை ஆண்டு ஆகுமுன் கலைக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினரின் தீர்மானம் வேண்டும். அந்தப் பாராளுமன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டது 2015 ஆகஸ்டில். டிசம்பர் 13 அன்று உயர் நீதிமன்றத்தின் (இலங்கையில் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு இதுவே பெயர்) ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள்.

இங்கே குடிமக்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. இந்த வழக்குகள் அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறல் மனுக்களாகத் தாக்கலானவை. கீழ் நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை, நேரே கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும். நல்ல வழக்குகள் பல இந்த ஒரு மாதக் கெடுவைத் தவறவிட்டே விழுகின்றன.

2022இல் இன்னொரு ஓட்டை தெரிந்தது. சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஜூலை 14 அன்று விலகியது தெருவில் எழுந்த மக்கள் போராட்டத்தால். குற்றப்பிரேரணை (பதவிநீக்கத் தீர்மானம்) விதிகள் அத்தனை படிகள் கொண்டவை என்பதால் அந்த வழி எட்டாதது. அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தது மக்கள் அல்ல. ஜூலை 20 அன்று பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலைத் தேர்ந்தெடுத்தது, மிச்சக் காலம் முழுவதற்கும். நேரடித் தேர்தல் சனாதிபதி முறை என்று சொல்லப்படும் நாட்டில், இடையில் காலியானால் எம்.பி.க்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இந்தியாவில் பட்ஜெட்டோ மானியக் கோரிக்கையோ மக்களவையில் தோற்றால் அரசு விலக வேண்டும் என்பது மரபு; மாநிலங்களவை பண மசோதாவை 14 நாளுக்கு மேல் பிடித்து வைக்கவும் முடியாது. ஆகவே பணமில்லாமல் அரசு அலுவலகம் பூட்டப்படும் நிலை இங்கே வராது. அமெரிக்காவில் அதிபரும் போகமாட்டார், காங்கிரஸும் போகாது, நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் 1க்குள் செலவு மசோதாவும் நிறைவேறாது. ஊழியர்கள் சம்பளமில்லாமல் வீட்டில், அல்லது சம்பளமில்லாமல் வேலையில். 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள். 2025 அக்டோபர் 1 அன்று தொடங்கியது 43 நாள். அதிகாரப் பிரிவினை என்று பாடப் புத்தகம் புகழ்வதற்கு விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர் கொடுக்கும் விலை அது.

பிரான்சில் இதற்கு நேர்மாறான தந்திரம் இருக்கிறது: 49ஆவது பிரிவின் மூன்றாம் பத்தி. பிரதமர் அதை அறிவித்தால், 24 மணி நேரத்துக்குள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் தாக்கலாகி நிறைவேறாத வரை, மசோதா வாக்கெடுப்பே இல்லாமல் அந்த அவையில் நிறைவேறியதாகக் கணக்கு. 2023 மார்ச்சில் ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கிய சட்டம் இப்படி வந்தது. எதிர்த்த தீர்மானத்துக்கு 278 வாக்கு கிடைத்தது, தேவை 287. ஒன்பது வாக்கு.

வாக்கு எப்படி இடமாகிறது

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக சுமார் 44 சதவீத வாக்குக்கு 39இல் 37 இடம் பெற்றது. திமுக 23 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஓர் இடமும் பெறவில்லை. அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்ற முறையில் வாக்குகள் எங்கெங்கே குவிகின்றன என்பதுதான் முக்கியம். பிரிட்டனில் 2024இல் தொழிற்கட்சி மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு 650இல் 411 இடம் எடுத்தது. அமெரிக்காவில் 2000, 2016 இரண்டிலும் நாடு முழுக்க அதிக வாக்கு வாங்கியவர் தோற்றார். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர்களில் 270 எங்கே இருக்கிறது என்பதே கணக்கு.

இலங்கைச் சனாதிபதித் தேர்தலில் 50 சதவீதத்துக்கு மேல் வேண்டும். வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேர் வரை விருப்பு வரிசை குறிக்கலாம். 2024 செப்டம்பரில் முதல்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது; முதல் சுற்றில் அநுர குமார திசாநாயக்க பெற்றது 42 சதவீதம். பெரும்பாலான வாக்காளர் ஒருவருக்கு மட்டும் குறியிட்டுவிட்டு வந்திருந்தார்கள், ஆகவே முதல் இருவருக்கு வெளியே வாக்களித்தவர்களில் பெரும்பகுதியினரின் சீட்டு இரண்டாம் எண்ணிக்கையில் பயன்படவே இல்லை. அடுத்த தேர்தலில் வாக்களிக்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்: இரண்டாவது, மூன்றாவது விருப்பம் குறிப்பதால் முதல் விருப்பத்துக்கு எந்தச் சேதமும் இல்லை.

சுவிட்சர்லாந்தில் உண்மையில் நடப்பது

அங்கே கூட்டாட்சி அரசு ஏழு பேர் கொண்ட குழு. இரு அவைகளும் சேர்ந்து 246 பேர் அவர்களை நான்கு ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். குடியரசுத் தலைவர் பதவி ஆண்டுக்கு ஒருவராகச் சுற்றி வரும். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்றே இல்லை. அரசு முன்வைத்தது மக்கள் வாக்கெடுப்பில் தோற்றாலும் யாரும் ராஜினாமா செய்வதில்லை. 2016இல் பிரெக்சிட் (ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது பற்றிய) வாக்கெடுப்பு முடிந்த மறுநாளே பிரிட்டிஷ் பிரதமர் கேமரன் விலகுவதாக அறிவித்தார் இல்லையா, அப்படி சுவிஸ் தலைநகர் பெர்னில் நடக்காது.

மக்கள் வாக்கெடுப்பு மூன்று வகை. அரசியல் சட்டத் திருத்தம் என்றால் கட்டாயம். நாட்டு அளவில் பெரும்பான்மையும், கேன்டன்களில் (சுவிஸ் மாநிலங்களில்) பெரும்பான்மையும் இரண்டும் வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாதாரணச் சட்டத்தை எதிர்க்க வேண்டுமானால், அது வெளியாகி 100 நாளுக்குள் 50,000 கையெழுத்து. யாரும் திரட்டாவிட்டால் சட்டம் தானாக நடைமுறைக்கு வரும், பெரும்பாலான சட்டங்கள் அப்படித்தான் வருகின்றன. மூன்றாவது, மக்களே அரசியல் சட்டத் திருத்தம் முன்மொழிவது: 18 மாதத்தில் 100,000 கையெழுத்து.

மூன்றாவதன் நடைமுறையைப் பார்த்தால்தான் இது எவ்வளவு உழைப்பு என்று புரியும். முதலில் 7 முதல் 27 பேர் வரை கொண்ட குழு அமைத்து, திருத்த வாசகத்தையும் கையெழுத்துத் தாளின் மாதிரியையும் கூட்டாட்சிச் செயலகத்திடம் கொடுக்க வேண்டும். அது சரிபார்த்து அரசிதழில் வெளியிட்ட நாளில் இருந்து 18 மாதம் ஓடத் தொடங்கும். ஒரு தாளில் ஒரே உள்ளாட்சியைச் சேர்ந்தவர்கள்தான் கையெழுத்திடலாம், ஏனென்றால் அந்தத் தாள் அந்த உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடப்பட்டுச் சான்று பெற வேண்டும். வேறு ஊர்க்காரர் கையெழுத்து, இரட்டைக் கையெழுத்து எல்லாம் கழியும்; அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒரு லட்சத்தோடு நிறுத்துவதில்லை. பிறகு அரசும் நாடாளுமன்றமும் விவாதித்து, வேண்டுமானால் எதிர் யோசனை ஒன்றையும் வைக்கும். வாக்கெடுப்புக்கு வரவே பல ஆண்டு ஆகும். 1891இல் இந்த உரிமை வந்தது முதல் வாக்கெடுப்புக்கு வந்தவற்றில் வென்றது சுமார் பத்தில் ஒன்றுதான். 2012இல் ஆறு வார விடுமுறைக்கான யோசனையை மூன்றில் இரண்டு பங்கு மக்கள் நிராகரித்தார்கள். 2020 நவம்பரில் சுவிஸ் கம்பெனிகளின் வெளிநாட்டுப் பொறுப்பு பற்றிய யோசனை 50.7 சதவீத வாக்கு பெற்றும், கேன்டன்களில் பெரும்பான்மை கிடைக்காமல் தோற்றது. 2024 மார்ச்சில் முதியோருக்கு 13ஆவது மாத ஓய்வூதியம் வென்றது.

வென்றவை குறைவு என்பதால் பயனில்லை என்று நினைக்க வேண்டாம். 50,000 கையெழுத்து எந்த நேரமும் வரலாம் என்ற பயம், மசோதா எழுதும்போதே எதிர்ப்பாளர்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறது. சுவிஸ் முறையின் முக்கியமான பலன் அந்தப் பேச்சுவார்த்தைதான் என்பேன்.

இருண்ட பக்கமும் உண்டு. வாக்குரிமை உள்ளவர்கள்தான் வாக்குரிமை யாருக்கு என்று முடிவு செய்வார்கள். 1959இல் சுவிஸ் ஆண்கள் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றார்கள், 1971இல்தான் ஒப்புக்கொண்டார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் கேன்டனில் உள்ளூர் விவகாரங்களில் பெண்கள் வாக்களிக்க 1990இல் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2009இல் மசூதி மினாரெட்டுகளுக்குத் தடை 57.5 சதவீத வாக்கோடு அரசியல் சட்டத்தில் ஏறியது.

இந்தியாவில் இப்போது கையில் இருப்பது

இந்திய அரசியல் சட்டத்தில் நாடு தழுவிய பொது வாக்கெடுப்புக்கு இடமில்லை. 368ஆவது பிரிவுப்படி திருத்தம் செய்வது நாடாளுமன்றம். சிலவற்றுக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதலும் வேண்டும். விதிவிலக்காக நடந்தவற்றில் நல்ல உதாரணம் கோவா: மகாராஷ்டிரத்தோடு சேர்வதா வேண்டாமா என்று தனிச் சட்டம் இயற்றி 1967 ஜனவரி 16 அன்று மக்களிடமே கேட்டார்கள், வேண்டாம் என்றது பெரும்பான்மை. சுவிஸ் முறையை அப்படியே கொண்டுவருவதில் எனக்கு நம்பிக்கையில்லை. சுமார் 90 லட்சம் பேர் வாழும் நாட்டில் உள்ளாட்சி அலுவலகம் கையெழுத்தைச் சரிபார்க்கும். 90 கோடிக்கு மேல் வாக்காளர் உள்ள இடத்தில் அந்த வேலையைச் செய்ய நம் உள்ளாட்சிகளில் ஆளும் இல்லை, சுதந்திரமும் இல்லை.

ஆனால் நேரடி வாக்கு சட்டப்படி எடை பெறும் ஓர் இடம் இங்கே இருக்கிறது: கிராம சபை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டுவது பற்றி 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில், கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்றது. அந்த ஆண்டு கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. எல்லாக் கிராம சபைத் தீர்மானத்துக்கும் இந்த வலு கிடையாது. வன உரிமை போல ஒரு சட்டம் பின்னால் நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபை. வழக்கமாக நடக்கும் கோளாறு: வருகைக்காக வாங்கிய கையெழுத்துக்கு மேலே, பேசாத தீர்மானம் பிறகு எழுதப்படும், பேசிய தீர்மானம் எழுதப்படாமல் போகும். ஆகவே உங்கள் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி இரண்டு பிரதியோடு போங்கள், ஒன்றைக் கொடுத்து மற்றதில் ஒப்புகை வாங்குங்கள், தீர்மானப் புத்தகத்தில் வாசகம் ஏறி வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள்.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தத் தீர்மானப் பக்கத்தின் சான்றளித்த நகலைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை, தமிழிலேயே எழுதலாம். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் தருவது பதிவேட்டில் இருக்கும் தகவலை மட்டும். "இந்தத் தேதித் தீர்மானத்தின்மேல் எடுத்த நடவடிக்கை பற்றிய கோப்பின் நகல்" என்று கேட்க வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் 6(3) பிரிவுப்படி அவர்களே ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அங்கும் தேறாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. ஆணையம் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், அது அவருடைய சொந்தப் பணத்தில் இருந்து போகும். ஒரு விண்ணப்பத்தில் பத்து விஷயத்தைக் கலந்து கேட்காமல், ஒரு தீர்மானத்துக்கு ஒரு விண்ணப்பம் என்று அனுப்புவது நல்லது. மேல்முறையீட்டில் எது வந்தது, எது வரவில்லை என்று காட்டச் சுலபமாக இருக்கும்.